‘சகஜம்தான்’ என்று நான் விட்ட பதினெட்டு நாட்கள்

2023 ஜூலை 17, ஆடி முதல் நாள். அன்றைக்கு ராத்திரிதான் என் உள்ளங்கை முதன்முதலாக அரித்தது. தேதி இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அன்று மத்தியானம் வீட்டுக்காரம்மா ஆடிப் பிறப்புக்கென்று ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். பழியை அந்தப் பாயசத்தின் மேல் போட்டேன். முந்திரி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அப்போது எனக்கு 32 வாரம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு பதினெட்டு நாட்கள் அந்த அரிப்பைச் சூடு என்றேன், அலர்ஜி என்றேன், சோப்பு என்றேன், கடைசியில் மனப்பிரமை என்றுகூடச் சொல்லிக்கொண்டேன். அது கல்லீரல் சம்பந்தப்பட்டது என்று ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. நானும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. கணவர் மஸ்கட்டில். மாமியார் இல்லை. அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டதால் அம்மாவால் வீட்டை விட்டு அசைய முடியாது. வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டில் இருப்பதுதான் முறை. ஆனால் அப்பாவையே தூக்கி உட்கார வைக்கத் திணறும் அம்மாவிடம் நானும் போய்ப் படுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் பிரசவத்துக்கு முந்தைய வாரம்வரை திருப்பூரில் ஒற்றை ஆளாக இருந்து வேலைக்குப் போவது, அப்புறம் கணவரின் சின்ன அத்தை வந்து பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு.

முதலில் மசக்கை. அந்த வருடம் பொங்கலன்று, நெய்யும் முந்திரியும் வறுபட்ட வாசத்தில் ஆரம்பித்தது. அப்போது ஆறாவது வாரம். ஒன்பது, பத்தாவது வாரங்களில் தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. எல்லோரும் வாந்தி சகஜம் என்றார்கள். 54 கிலோவில் இருந்து 50 கிலோவுக்கு இறங்கி, ஒருநாள் காலையில் இருந்து சாயங்காலம்வரை சிறுநீரே போகவில்லை என்பது உறைத்தபோதுதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறுநீரில் கீட்டோன் இருந்தது. அதாவது சாப்பாடு இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்ஸிலமினும் பைரிடாக்ஸினும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள், பல வருடங்களாக மசக்கைக்குக் கொடுக்கப்பட்டு வரும் மருந்துதான். கர்ப்பத்தில் மாத்திரையே ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூன்று வாரம் முன்பே சாப்பிட்டிருக்க வேண்டியதைச் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். வாந்தி சகஜம்தான், ஆனால் உடல் எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, குடித்த தண்ணீர்கூட நிற்காவிட்டாலோ காத்திருக்காதீர்கள். எழுந்திருக்கும் முன்பே படுக்கையிலேயே இரண்டு ரஸ்க், மணிக்கு ஒருமுறை கையளவு சாப்பாடு, சூடாக இல்லாமல் ஆறிய சோறு, வாசனை எழாத தயிர்சாதம், இவைதான் எனக்குக் கைகொடுத்தன. பதினாறாவது வாரத்தில் சொல்லிவைத்தாற்போல் நின்றது. அதற்குள் அலுவலகத்தில் பதினொரு நாள் விடுப்பு, அதில் எட்டு நாளுக்குச் சம்பளப் பிடித்தம்.

அப்புறம் இரத்தசோகை. ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் அலுவலகத்தில் பதினொரு மணி டீயோடு சேர்த்து. டீ இரும்பைச் சேரவிடாது என்பதை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ்தான் சொன்னார். கால்சியம் மாத்திரையும் பாலும்கூட அப்படித்தானாம். இரும்பை ஒரு வேளை, கால்சியத்தை வேறு வேளை என்று பிரித்து, இரும்பு மாத்திரைக்கு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ துணைக்கு வைத்துக்கொண்ட பிறகு அடுத்த இரண்டு மாதத்தில் 10.8 வந்தது. (தனியாரில் பார்த்தாலும் சரி, அந்த நர்ஸிடம் பதிந்து பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அதைக் கேட்கிறார்கள்.) இரும்பு மாத்திரையோடு ஒட்டிக்கொண்டு மலச்சிக்கலும் வந்தது, மலச்சிக்கலோடு மூலமும் வந்தது. இதைப் பற்றி வெளியே பேச எனக்கு இருந்த கூச்சம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மாதம் வலியோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். கேட்டபோது டாக்டரம்மா சிரித்துக்கொண்டே இசப்கோல் எழுதிக் கொடுத்தார், மாத்திரை பிராண்டை மாற்றினார், ஒரு வாரத்தில் சரியானது. ஒரு மாத வேதனைக்குக் காரணம் வெட்கம் மட்டும்தான்.

நெஞ்செரிச்சல், நடுராத்திரியில் கெண்டைக்கால் நரம்பு இழுப்பது, காலையில் விரல் மரத்துப்போவது எல்லாம் வரிசையாக வந்தன, போயின. கால் இழுத்தால் விரல்களை முகத்தை நோக்கி மடக்கிப் பிடித்தால் விட்டுவிடும். தலைப்பக்கம் இரண்டு தலையணை கூடுதலாக வைத்து, ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கே முடித்துவிட்டால் நெஞ்செரிச்சல் பாதி குறைந்தது. இவை எல்லாவற்றுக்கும் சுற்றியிருந்தவர்கள் சொன்னது ஒரே வார்த்தை, சகஜம்தான். அவர்கள் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது. என்னை ஏமாற்றியது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஐந்து தடவை சரியாகச் சொன்னவர்கள் ஆறாவது தடவையும் சரியாகத்தான் சொல்வார்கள் என்று நம்பிவிட்டேன்.

ஆனி மாதம் ஊரில் வளைகாப்பு நடந்தது. கணவர் ஒரு வாரம் வந்துவிட்டுப் போனார். இரண்டு கையிலும் முழங்கை நெருங்கக் கண்ணாடி வளையல். பிரசவம்வரை கழற்றக்கூடாது, வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்க வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பினார். அந்த வளையல்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அரிப்புதான் ஞாபகம் வருகிறது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் முதலில் உள்ளங்கை, அடுத்து உள்ளங்கால், பிறகு கால் முழுக்க, வயிறு, முதுகு. தோலுக்கு மேலே இல்லை, தோலுக்கு அடியில் இருந்து எறும்பு ஊர்வதுபோல. சொறிந்தால் அடங்காது. இரண்டு மணிக்கு எழுந்து சீப்பின் பல்லால் பாதத்தைத் தேய்ப்பேன். சமையலறைக் கடப்பைக்கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு படுப்பேன். சொறியச் சொறிய வளையல் கலகலவென்று சத்தம் போடும். பக்கத்துப் போர்ஷனில் இருந்த தம்பதி என்ன நினைத்தார்களோ தெரியாது. தூக்கம் மூன்றரை மணிக்கு வரும், ஆறு மணிக்கு அலாரம். மூன்றாவது வாரத்தில் அலுவலகத்தில் ஒரு பையருக்குத் தவறான சாம்பிள் விவரத்தை மெயிலில் அனுப்பிவிட்டுப் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

கேட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வீட்டுக்காரம்மாவின் மாமியார், “அது உடம்புச் சூடு கண்ணு. வயித்துல புள்ளைக்கு முடி நெறைய இருந்தா இப்படித்தான் அரிக்கும்” என்றார். வெளியே ஆடிக்காற்று துணி காயப்போட்ட கொடியையே பிய்த்துக்கொண்டிருந்தது, சூடு எங்கிருந்து வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், தினமும் இளநீர், வேப்பிலை போட்ட தண்ணீரில் குளியல். அம்மாவிடம் போனில் சொன்னபோது, “வயிறு விரியும்போது தோல் அரிக்கத்தான் செய்யும் தாயி, தேங்காய் எண்ணெய் தடவு” என்றார். அதுவும் பொய்யில்லை. வயிற்றுத் தோல் இழுபடும்போது அரிப்பது வழக்கம்தான், எண்ணெய் தடவினால் அடங்கும். ஆனால் உள்ளங்கை எதற்கு விரிய வேண்டும்? கணவர், “டாக்டர்ட்ட கேளு” என்று ஒவ்வொரு ராத்திரியும் சொன்னார். சரி சரி என்று போனை வைப்பேன்.

ஜூலை 20 அன்று மாதாந்திரப் பரிசோதனை இருந்தது. இரண்டரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால் மூன்று நிமிடம். டாக்டரம்மா, “வேற ஏதும் தொந்தரவு இருக்கா?” என்று கேட்டார். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள், கை அரிக்கிறது என்று இதைப் போய்ச் சொல்வதா என்று நினைத்து, “இல்லீங்க மேடம்” என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் என்னை வெகுநாள் திட்டிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துத் தோல் டாக்டர் ஒருவரிடம் போனேன். கட்டணம் 600 ரூபாய். அங்கே நான் சொன்ன முதல் வாக்கியம், “உடம்பெல்லாம் அரிக்குது டாக்டர்” என்பது. அவர் பார்த்தது நான் சொறிந்து உண்டாக்கிய கீறல்களை. அலர்ஜி என்று மாத்திரையும் லோஷனும் எழுதினார், மருந்துக்கடையில் 1,450 ரூபாய். அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் என் பக்கத்திலும் தப்பு இருக்கிறது. “தடிப்பு எதுவும் இல்லை, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஆரம்பித்தது, ராத்திரியில்தான் அதிகம், இப்போது எட்டாம் மாதம்” என்று நான் சொல்லியிருந்தால் பேச்சே வேறு பக்கம் போயிருக்கும். டாக்டரிடம் போகும் முன்பு, எங்கே, எப்போது, எத்தனை நாளாக, எதனால் கூடுகிறது என்று நாலு வரி துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மூன்று நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அந்த மூன்று நிமிடத்துக்கு அதுதான் உதவும். அப்புறம், கர்ப்பத்தில் எந்தத் தொந்தரவானாலும் முதலில் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் சொல்லிவிட்டு மற்ற டாக்டரிடம் போங்கள். நான் செய்தது தலைகீழ்.

ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை. அடுத்த பரிசோதனைக்குப் போயிருந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கிற இடத்தில் ஒரு சின்ன வயது நர்ஸ். என் கையில் பட்டையைச் சுற்றும்போது, மற்றக் கையை நாற்காலியின் இரும்புக் கைப்பிடியில் நான் தேய்த்துக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறார். “என்னக்கா, உள்ளங்கை அரிக்குதா?” என்றார். ஆமாம் என்றேன். “உள்ளங்காலும்?” ஆமாம். “ராத்திரியிலயா?” ஆமாம். அவர் முகம் மாறியது. “யூரின் மஞ்சளா போகுதா? மேடம்ட்ட சொன்னீங்களா?” சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். என்னை வரிசையில் நிற்கவிடாமல் நேராக உள்ளே கூட்டிக்கொண்டு போய், “மேடம், இவங்களுக்கு பாம் அண்ட் சோல் இட்ச்சிங்” என்று சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். முதல் கேள்வி, “எத்தனை நாளா?” பதினெட்டு நாள் என்றேன். என் அரிப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். கர்ப்பகாலப் பித்தத் தேக்கம். ஐ.சி.பி. என்று சீட்டில் எழுதினார்.

நான் புரிந்துகொண்டவரை விஷயம் இதுதான். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குடலுக்குள் வடிய வேண்டும். சில பெண்களுக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், ஹார்மோன்கள் உச்சத்தில் இருக்கும்போது அந்த வடிகால் மந்தமாகிவிடுகிறது. பித்த அமிலங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன, அரிப்பு அதனால்தான். தடிப்பு இருக்காது, சொறிந்த தடம்தான் இருக்கும். தாய்க்கு இது பெரும்பாலும் வேதனை மட்டும், பிரசவமானதும் போய்விடும். குழந்தைக்குத்தான் கவனம் தேவை. குறைமாதத்தில் வலி வரலாம், பனிக்குடத்துக்குள்ளேயே குழந்தை மலம் கழித்துவிடலாம், பித்த அமிலம் 100-க்கு மேல் ஏறியவர்களுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து கூடுகிறது. கடைசிப் பகுதியை டாக்டரம்மா மிக நிதானமாகத்தான் சொன்னார். என் காதில் அது ஒன்றுதான் விழுந்தது.

இரண்டு ரத்தப் பரிசோதனை. கல்லீரல் பரிசோதனையான எல்.எஃப்.டி. 700 ரூபாய், சாயங்காலமே வந்துவிட்டது. அதில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி 186, நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. பித்த அமிலத்துக்கான பைல் ஆசிட் பரிசோதனை 2,400 ரூபாய். அதைத் திருப்பூரில் செய்யவில்லை, வெளியூருக்கு அனுப்ப வேண்டும், நாலு நாளாகும் என்றார்கள். இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லா லேபிலும் இது கிடையாது, வெளியூர் போய்வரும் நாட்கள் வேறு. அரிப்பு வந்த முதல் வாரமே சொன்னால்தான் அந்த நாட்களைத் தாங்க முடியும். முதல் தடவை சரியாக இருந்தும் அரிப்பு நிற்காவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிலருக்கு அரிப்பு முதலிலும் ரத்தத்தில் மாற்றம் பிறகும் வருமாம்.

அந்த நாலு ராத்திரி என் வாழ்நாளில் நீளமானவை. குழந்தையின் அசைவை எண்ணச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ண வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும், வராவிட்டால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே வர வேண்டும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். சனிக்கிழமை ராத்திரி ஒன்றேகால் மணிக்கு ஒன்றரை மணி நேரமாகியும் ஆறு கோடுதான். யாரைக் கூப்பிடுவது? வீட்டுக்காரம்மாவை எழுப்பத் தயக்கம், மஸ்கட்டுக்குப் போன் பண்ணி அவர் அங்கிருந்து என்ன செய்வார் என்ற எண்ணம். கடைசியில் கணவருக்கே போன் செய்தேன். “கதவைத் தட்டு, நான் லைன்லயே இருக்கேன்” என்றார். தட்டினேன். வீட்டுக்காரம்மாவின் கணவர் லுங்கியோடு காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் என்.எஸ்.டி. போட்டார்கள், குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்யும் சோதனை அது. பட்டையை வயிற்றில் கட்டிய ஐந்தாவது நிமிடம் குழந்தை உதைக்க ஆரம்பித்தது, குதிரை ஓடுவதுபோல் இதயத்துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. பணியில் இருந்த டாக்டர், “நூறு தடவை இப்படி வந்தாலும் பரவாயில்லம்மா” என்றார். ராத்திரியில் கேட்க ஆள் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். தமிழ்நாட்டில் 104-ஐ எந்நேரமும் கூப்பிட்டு உடல்நலச் சந்தேகம் கேட்கலாம், வண்டி வேண்டுமென்றால் 108. கர்ப்பிணி தனியாக இருக்கும் வீட்டில் இந்த இரண்டு எண்ணும், கதவைத் தட்டினால் கார் எடுக்கிற ஒரு ஆளின் எண்ணும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. 47. அதிகம்தான், ஆனால் அந்தப் பயங்கரமான எண்ணைவிடத் தள்ளித்தான் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. உர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை தினம் இரண்டு, வாரத்துக்கு 600 ரூபாய்க்கு மேல் ஆனது. “இது உங்க அரிப்பைக் கொஞ்சம் குறைக்கும். குழந்தைக்கு இதுவே காவல்னு நெனைச்சுட்டு அசைவு எண்றதை விட்டுறாதீங்க” என்று தெளிவாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை என்.எஸ்.டி., வாரம் ஒருமுறை ரத்தம், 37 வாரம் முடிந்ததும் மருந்து வைத்து வலி வரவழைப்பது என்று முடிவானது. எந்த வாரத்தில் பிரசவம் என்பது பித்த அமில அளவைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள், அதனால் என் வாரத்தை உங்கள் வாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் குளியல், ஃபிரிட்ஜில் வைத்த கேலமைன் லோஷன், பருத்தி நைட்டி, ஒட்ட வெட்டிய நகம், இவை கொஞ்சம் ஆறுதல். வளையலைக் கழற்றிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

விடுப்பு விஷயத்தில் நான் ஏமாந்ததையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 4 முதல் வேலைக்குப் போக முடியவில்லை. மகப்பேறு விடுப்பு 26 வாரம், அதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆனால் முன்னால் எடுத்தால் குழந்தையோடு இருக்கும் நாள் குறையும் என்று, பிரசவ நாளில் இருந்து எழுதச் சொன்னேன். நடுவில் இருந்த 15 வேலைநாள் சம்பளமில்லா விடுப்பாகப் போனது. மசக்கையில் போன எட்டு நாளையும் சேர்த்தால் 23 நாள், மாதம் 27,000 சம்பளத்தில் ஏறக்குறைய 20,700 ரூபாய். எனக்கு அப்போது பொருந்திய 1961-ஆம் ஆண்டு மகப்பேறு உதவிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில், கர்ப்பத்தால் வரும் நோய்க்கு மருத்துவச் சான்று காட்டினால் 26 வாரத்துக்கு மேல் கூடுதலாக ஒரு மாதம்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. குழந்தைக்கு ஐந்து மாதமானபோது தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரியும். அலுவலகத்தில் கேட்டேன், அப்போதே சான்று கொடுத்திருக்க வேண்டும் என்று முடித்துவிட்டார்கள். டாக்டரம்மா சீட்டு கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் எழுதித் தந்திருப்பார். நான்தான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20 ராத்திரி சேர்ந்தேன். சின்ன அத்தை மதுரையில் இருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். மறுநாள் காலை ஜெல் வைத்தார்கள், இருபத்தாறு மணி நேரம் கழித்துச் சுகப்பிரசவம். பனிக்குட நீர் லேசாகப் பச்சை கலந்திருந்தது, அதனால் குழந்தையை ஒரு நாள் தனி வார்டில் வைத்துப் பார்த்தார்கள். பெண், 2 கிலோ 600 கிராம். தலையில் முடி அதிகம் இல்லை, இதை வீட்டுக்காரம்மாவின் மாமியாரிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி திடுக்கிட்டு எழுந்தேன், ஏதோ குறைகிறதே என்று. அரிப்பு இல்லை. ஆறாவது வாரம் எல்.எஃப்.டி. மறுபடியும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள், எஸ்.ஜி.பி.டி. 31. அடுத்த கர்ப்பத்தில் இது திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்பதாலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை நான் எடுப்பதற்கு முன்பு டாக்டரிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்பதாலும், டிஸ்சார்ஜ் சீட்டைக் கல்யாணச் சான்றிதழ் இருக்கும் உறையில் வைத்திருக்கிறேன்.

அரிப்பைப் போலவே ‘சகஜம்’ என்று ஒதுக்கிவிடக்கூடிய இன்னும் சில உண்டு. என் அரிப்பைக் கவனித்த அந்தச் சின்ன வயது நர்ஸ் எனக்கு ஒரு சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். சாயங்காலம் கால் வீங்குவது பலருக்கும் உண்டு, ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண் முன் பூச்சி பறப்பதோ மேல்வயிற்று வலியோ இருந்தால் அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், 140/90-ஐத் தொட்டால் சும்மா விடக்கூடாது. அடிக்கடி சிறுநீர் போவது சகஜம், எரிச்சலும் காய்ச்சலும் சேர்ந்தால் இல்லை. வெள்ளைப்படுவது சகஜம், தண்ணீராக வழிந்தாலோ ரத்தம் பட்டாலோ இல்லை. கடைசி மாதத்தில் குழந்தை அசைவு குறையும் என்று ஊரில் சொல்வார்கள், அது சகஜம் இல்லவே இல்லை.

என் தங்கைக்கு இப்போது ஏழு மாதம். இது குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் அவளுடைய டாக்டரிடம் என் சீட்டின் நகலைக் கொடுத்துவைத்திருக்கிறோம். போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்குப் போன். “அக்கா, கை அரிக்குதுக்கா.” எங்கே என்று கேட்டேன், போட்டோ அனுப்பினாள். புறங்கையில் மூன்று தடிப்பு, கொசுக்கடி என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் காலையில் போய் எல்.எஃப்.டி. பார்த்துவிடு, காசு நான் போடுகிறேன் என்றேன். எல்லாம் சரியாக இருந்தது. எழுநூறு ரூபாய் தண்டம் என்று அவள் வீட்டுக்காரர் முணுமுணுத்தாராம். ஜிபே-யில் அனுப்பிவிட்டேன்.